காரணம் எழுதாமல் ஒரே சொல்லில் மேல்முறையீட்டை முடிக்கலாமா?

கேள்வி இதுதான்: ஃப்ளோரிடாவில் குற்ற வழக்கில் நீண்ட சிறைத்தண்டனை பெற்ற ஒருவர் மேல்முறையீடு செய்கிறார், வழக்கறிஞர் நாற்பது பக்கத்துக்கு வாதம் எழுதிக் கொடுக்கிறார், மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், கடைசியில் வந்த உத்தரவில் ஒரு சொல்தான் இருக்கிறது. இப்படிச் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? உண்டென்றால் அடுத்து என்ன வழி?

அதிகாரம் உண்டு. ஃப்ளோரிடாவில் இது அன்றாட நடைமுறை. அடுத்து வழி இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு சொல்லே பெரும்பாலான கதவுகளைச் சாத்திவிடுகிறது. எப்படி என்று புரிய அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்கலாம்.

மேலே நீதிமன்றத்தின் பெயர். அதன் கீழே மேல்முறையீட்டாளர், எதிரே ஃப்ளோரிடா மாநிலம், வழக்கு எண், தேதி. எந்த விசாரணை நீதிமன்றத்திலிருந்து வந்தது, அங்கே நீதிபதி யார், இரு தரப்பு வழக்கறிஞர்கள் யார் என்று ஒரு பத்தி. அப்புறம் 'பெர் க்யூரியம்', அதாவது நீதிமன்றம் மொத்தமாகச் சொல்வது, தனி நீதிபதி யாரும் எழுதியதல்ல. அடுத்த வரியில் 'அஃபர்ம்டு', உறுதி செய்யப்பட்டது. கீழே மூன்று நீதிபதிகளின் பெயர்கள், 'உடன்படுகிறோம்' என்ற சொல். அவ்வளவுதான் முழு உத்தரவும். வழக்கறிஞர்கள் இதைப் பி.சி.ஏ. என்பார்கள். நான் மொட்டை உத்தரவு என்கிறேன், கோபத்தில் இல்லை, அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை.

நீதிபதிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வெறும் சோம்பேறித்தனம் அல்ல. குற்ற மேல்முறையீடுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே பலமுறை தீர்த்துவைத்த கேள்விகள். சாட்சியம் போதவில்லை என்பார்கள், ஆனால் சாட்சியத்தை அரசுத் தரப்புக்குச் சாதகமாகப் பார்த்தால் ஏதாவது ஒரு நியாயமான ஜூரி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்பதுதான் 1979 ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கிலிருந்து அளவுகோல். அதில் தேறுவது கடினம். ஓர் ஆவணத்தை அனுமதித்தது தவறு என்பார்கள், தவறாகவே இருந்தாலும் முடிவைப் பாதிக்கவில்லை என்று நீதிமன்றம் கடந்து போகலாம். இப்படிப்பட்ட வழக்கு ஒவ்வொன்றுக்கும் பத்துப் பக்கம் எழுதினால் உண்மையிலேயே புதிய கேள்வி எழும் வழக்குகளுக்கு நேரம் இருக்காது. இன்னொன்றும் உண்டு: எழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும் நாளைக்கு முன்னுதாரணம். அவசரத்தில் கோணலாக எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் சண்டை நடக்கும். அதைவிட எழுதாமலே இருப்பது மேல் என்று அனுபவமுள்ள நீதிபதிகள் நினைப்பதில் ஆச்சரியமில்லை. காரணமே இல்லாமல் முடிவெடுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது, நீதிபதிக்கு உதவும் இளம் வழக்கறிஞர்கள் உள்ளுக்குள் குறிப்பு தயாரித்துக் கொடுப்பது வழக்கம்தான். காரணம் எங்கோ இருக்கிறது, சிறைக்குப் போகிறவருக்குத்தான் அதைக் காட்டுவதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம், "உறுதி செய்கிறோம் என்றால் கீழ் நீதிமன்றம் சொன்ன காரணத்தையே ஏற்கிறோம் என்று பொருள், திரும்ப எழுதுவானேன்?" என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. சிவில் வழக்கில் விசாரணை நீதிபதி முப்பது பக்கத் தீர்ப்பு எழுதியிருந்தால் சரியாகவும் இருக்கும். ஆனால் அமெரிக்கக் குற்ற வழக்கில் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜூரி காரணம் சொல்வதில்லை. குற்றவாளி அல்லது குற்றவாளி அல்ல, அதோடு சரி. விசாரணையின் நடுவே வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபணை சொன்னால் நீதிபதி பெரும்பாலும் ஒரே வார்த்தையில் "நிராகரிக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொல்வார். ஆக கீழே ஒரு சொல், நடுவில் ஒரு சொல், மேலே ஒரு சொல். முன்கூட்டி மனுப் போட்டுச் சாட்சியத்தை விலக்கக் கேட்ட வழக்குகளில் நீதிபதி விவரமாக எழுதியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லாத வழக்கில் ஒரு மனிதர் இருபது வருடம் உள்ளே இருக்கலாம், அவருடைய வாதம் ஏன் தவறு என்று எந்த நீதிமன்றமும் எங்கேயும் எழுதியிருக்காது. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கேயும் மொட்டை உத்தரவு தாராளமாக உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 349-ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவின்படி, சட்டப் பிழை சொல்லி வரும் மேல்முறையீடு வெளிப்படையாகவே அடிப்படையற்றது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக நினைத்தால், விசாரணைக்கு எடுக்காமலேயே ஓரிரு வரியில் தள்ளலாம். ஆனால் அதற்கு முன் அரசுத் தரப்பு அப்படித் தள்ளும்படி காரணத்தோடு எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அது எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், பதில் எழுத இரண்டு வாரம் கிடைக்கும். கீழ் நீதிமன்றமும் எந்த உண்மைகளை நிரூபிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டோம் என்று தீர்ப்பில் எழுதியாக வேண்டும், அங்கே பேசாத ஜூரி கிடையாது. அதனால் மேலே நீதிமன்றம் மௌனமாக இருந்தாலும் தோற்றவர் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன, ஏன் தோற்றோம் என்று ஓரளவு படித்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கும் இதைக் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனாலும் ஃப்ளோரிடாவின் மௌனமும் இதுவும் ஒன்றல்ல.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போயிருக்கிறது. 1999-இல் கார்சியா ரூயிஸ் எதிர் ஸ்பெயின் வழக்கில் மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் காரணங்களை ஏற்பதாகச் சொல்லி முடிக்கலாம் என்றது. 2010-இல் டாக்ஸ்கே எதிர் பெல்ஜியம் வழக்கில், ஜூரி காரணம் சொல்லாதது தன்னளவில் தவறில்லை, ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் தான் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்று புரிந்துகொள்ள ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த வழக்கில் அது இல்லை என்று பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவுக்குள்ளேயே எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. டெக்ஸாஸில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சுருக்கமாக எழுதலாம், ஆனால் முடிவுக்குத் தேவையான ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அரசியலமைப்பே ஆறாம் பிரிவில் இதைக் கட்டாயமாக்குகிறது, மேல் நீதிமன்றங்களின் முடிவுகள் காரணங்களோடு எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டும் வழக்குகள் மலைபோலக் குவியும் மாநிலங்கள்தான். வேலைப்பளுவால் முடியாது என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்காததற்கு அதுவே காரணம். கூட்டாட்சி அரசியலமைப்பு உதவிக்கு வராதா என்று கேட்பீர்கள். வராது. மேல்முறையீடு என்பதே அரசியலமைப்பு தரும் உரிமை இல்லை என்று 1894-லேயே மெக்கேன் எதிர் டர்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, ஃப்ளோரிடாவில் அந்த ஒரு சொல் எப்படிக் கதவைச் சாத்துகிறது? 1980-இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, மாநில உச்ச நீதிமன்றம் எந்தெந்த வழக்குகளை எடுக்கலாம் என்று குறுக்கினார்கள். இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் முடிவுகள் வெளிப்படையாகவும் நேரடியாகவும் முரண்பட்டால் எடுக்கலாம் என்பது அதில் முக்கியமான வழி. 'வெளிப்படையாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றுமே எழுதாத உத்தரவு எதோடும் வெளிப்படையாக முரண்பட முடியாதல்லவா? அதே வருடம் ஜென்கின்ஸ் எதிர் மாநிலம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: காரணம் எழுதாமல் உறுதி செய்த உத்தரவை நாங்கள் பார்க்க முடியாது, மூவரில் ஒரு நீதிபதி மாறுபட்டு விரிவாக எழுதியிருந்தாலும் முடியாது. ஒரு நீதிபதியே "இது தவறு" என்று எழுதி வைத்திருக்கிறார், ஆனாலும் பெரும்பான்மை வாய் திறக்காததால் மேலே போக வழியில்லை! இந்த உத்தரவுக்கு முன்னுதாரண மதிப்பும் கிடையாது. வேறு யாரையும் கட்டுப்படுத்தாது, தோற்ற அந்த ஒரு மனிதரை மட்டும் கட்டுப்படுத்தும்.

சிலர் அடுத்ததாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது சிறையில் வைத்திருப்பதே சட்டவிரோதம் என்று சொல்லும் மனு, போடலாம் என்று நினைப்பார்கள். அங்கே இந்த மௌனம் இன்னும் மோசமாகத் திரும்பி அடிக்கிறது. 1996 சட்டப்படி, மாநில நீதிமன்றத்தின் முடிவு நியாயமற்ற விதத்தில் சட்டத்துக்கு மாறானது என்று காட்டினால்தான் பொதுவாக நிவாரணம். காரணமே எழுதாத முடிவை எப்படி நியாயமற்றது என்று காட்டுவது? 2011-இல் ஹாரிங்டன் எதிர் ரிக்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. மாநில நீதிமன்றம் காரணம் சொல்லாவிட்டாலும் வழக்கின் தகுதியைப் பார்த்தே தள்ளியதாக எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரணங்கள் அந்த முடிவைத் தாங்கியிருக்கக்கூடும் என்று கூட்டாட்சி நீதிமன்றமே யோசித்துப் பார்க்க வேண்டும், அதில் ஒன்றாவது நியாயமாகத் தெரிந்தால் மனு தோற்கும். எழுதிய நீதிபதியிடம் பிழை கண்டுபிடிக்கலாம், எழுதாதவருக்காகச் சாத்தியமான காரணங்களை எல்லாம் மற்றவர்கள் தேடிக் கொடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ரிக்டரின் மனுவைத் தள்ளிய ஒற்றை வாக்கிய உத்தரவு வந்தது நான் மேலே பாராட்டிய கலிஃபோர்னியாவிலிருந்து. சாதாரண மேல்முறையீட்டுக்கு எழுத்துக் கட்டாயம், மாநில உச்ச நீதிமன்றத்தில் நேரே போட்ட ஆட்கொணர்வு மனுவை எடுத்த எடுப்பில் தள்ளுவதற்கு அது பொருந்தவில்லை.

2018-இல் வில்சன் எதிர் செல்லர்ஸ் வழக்கில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. மேல் நீதிமன்றம் பேசாமல் உறுதி செய்திருந்தால், அதற்குக் கீழே கடைசியாகக் காரணம் சொன்ன நீதிமன்றத்தின் முடிவைப் பார்த்து, அதே காரணத்தையே மேலேயும் ஏற்றதாகக் கொள்ளலாம் என்றது. ஆனால் கீழே காரணம் இருந்தால்தானே பார்க்க முடியும்? மறுபடியும் அதே ஜூரி, அதே ஒற்றைச் சொல். வழக்குப் போட்ட வில்சனுக்கும் இந்த வெற்றி உதவவில்லை, ஜார்ஜியாவில் 2019 ஜூனில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

மௌனத்தின் இன்னொரு ஆபத்தும் உண்டு: மனுவை யாராவது படித்தார்களா என்றே வெளியிலிருந்து தெரியாது. இது கற்பனைப் பயமில்லை. லூசியானாவில் கிரெட்னா நகரிலிருக்கும் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், வழக்கறிஞர் இல்லாத கைதிகள் தாங்களே எழுதி அனுப்பிய மனுக்களை 1994 முதல் ஊழியர் ஒருவரே பார்த்துத் தள்ளுபடி உத்தரவு தயாரித்தார். மூன்று நீதிபதிகள் படித்து முடிவெடுக்க வேண்டியவை அவை. நீதிபதிகள் மனுக்களைப் படிக்காமலே உத்தரவுகள் வெளியே போயின. 2007-இல் அந்த ஊழியர் தற்கொலை செய்துகொண்டு, விட்டுச்சென்ற கடிதத்தில் இதை எழுதியிருந்ததால்தான் வெளியே வந்தது. பதின்மூன்று வருடம்! 2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் 299 கைதிகளின் மனுக்களைத் திரும்பப் பார்க்க உத்தரவிட்டது, பார்க்கச் சொன்னது அதே நீதிமன்றத்தின் நீதிபதிகளைத்தான். 2019-இல் அதில் ஒருவருடைய வழக்கு வாஷிங்டனுக்கு வந்தபோது உச்ச நீதிமன்றம் எடுக்கவில்லை, ஆனால் நீதிபதி சோட்டோமேயர் தனிக்குறிப்பு எழுதிக் கவலை தெரிவித்தார். இவை தண்டனைக்குப் பிந்தைய மனுக்கள், நீங்கள் கேட்ட நேரடி மேல்முறையீடு அல்ல, ஃப்ளோரிடா நீதிபதிகள் இப்படிச் செய்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. படித்துவிட்டு வந்த மொட்டை உத்தரவும் படிக்காமல் வந்ததும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், அதற்காகச் சொல்கிறேன். அந்தந்த வழக்கின் விவரத்தோடு இரண்டு பத்தி எழுத வேண்டும் என்று இருந்திருந்தால் பதின்மூன்று வருடம் இப்படி ஓட்டியிருக்க முடியாது.

இந்தியாவில் எப்படி என்ற கேள்வி பலருக்கு வரும். சட்டத்தில் விசித்திரமான ஓர் இடைவெளி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 384-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 425, மேல்முறையீட்டைத் தொடக்க நிலையிலேயே தள்ளுபடி செய்ய அனுமதிக்கிறது. தள்ளுவது அமர்வு நீதிமன்றமோ தலைமைக் குற்றவியல் நடுவரோ என்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு அந்தக் கட்டாயம் எழுத்தில் இல்லை. இந்த ஓட்டையை அடைத்தது உச்ச நீதிமன்றம். வாதிடத்தக்க கேள்வி இருக்கும் குற்ற மேல்முறையீட்டை ஒரே வார்த்தையில் தள்ளக்கூடாது என்று 1953-இல் முஷ்டாக் ஹுசைன் வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2004-இல் தனிராம் லூஹார் வழக்கில், விடுதலையை எதிர்த்து மாநில அரசு கேட்ட அனுமதியை உயர் நீதிமன்றம் காரணமில்லாமல் மறுத்தபோது, காரணம்தான் ஒரு முடிவின் இதயத்துடிப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அதே உச்ச நீதிமன்றம் தன்னிடம் வரும் சிறப்பு அனுமதி மனுக்களைத் தினமும் ஒரே வரியில் தள்ளுகிறது என்பதும் உண்மை. ஆனால் அப்படித் தள்ளினால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரியென்று சொன்னதாக ஆகாது என்று 2000-இல் குன்ஹயம்மது வழக்கில் தெளிவாக்கிவிட்டார்கள். அது உள்ளே விட மறுப்பது மட்டும். ஃப்ளோரிடாவில் உள்ளே விட்டு, வழக்கைத் தீர்த்துவிட்டுப் பேசாமல் அனுப்புகிறார்கள்.

ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. 1961-இல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் திருடப் புகுந்ததாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனுக்கு ஐந்து வருடத் தண்டனை. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை, கேட்டும் கொடுக்கவில்லை. மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார், அது காரணம் எழுதாமல் தள்ளியது. அப்புறம் சிறையிலிருந்து பென்சிலால் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கடுங்குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். மறுவிசாரணையில் அவர் விடுதலை. ஆக மௌனத்துக்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்றுமே இருக்காது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்தலாம். அதே நாளில் வந்த டக்ளஸ் எதிர் கலிஃபோர்னியா தீர்ப்பு முதல் மேல்முறையீட்டுக்கும் ஏழைக்கு வழக்கறிஞர் தரச் சொன்னது. வழக்கறிஞர் வந்தால் மேல்முறையீடும் வரும், மொட்டை உத்தரவுக்குச் சாக்காகச் சொல்லும் அந்தக் குவியலில் ஒரு பங்கு இங்கிருந்து வந்ததுதான்.

இனி வழி என்ன என்பது. ஃப்ளோரிடா மேல்முறையீட்டு விதி 9.330-இன்படி, உத்தரவு வந்த 15 நாளுக்குள் எழுத்துத் தீர்ப்பு கேட்டு மனுப் போடலாம். சும்மா "காரணம் சொல்லுங்கள்" என்றால் போதாது, எழுத்துத் தீர்ப்பு ஏன் தேவை என்று காட்ட வேண்டும், உதாரணமாக எழுதினால் மாநில உச்ச நீதிமன்றம் பரிசீலிக்க நியாயமான அடிப்படை கிடைக்கும் என்று. அதே மனுவில் மேல்முறையீட்டு நீதிமன்றமே தன் முடிவை மறுபரிசீலனை செய்யும்படியும் கேட்கலாம், வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முரண்படுகிறது என்று நீதிமன்றமே சான்று தரும்படியும் கேட்கலாம். கிடைப்பது அரிது, ஆனால் கேட்காமல் விடுவதில் லாபமில்லை. மறுத்தாலும் ஒரு கதவு பாக்கி இருக்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் பார்க்க முடியாத உத்தரவு என்பதால், சட்டத்தின் கண்ணில் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றமே மாநிலத்தின் கடைசி நீதிமன்றம், அங்கிருந்து நேரே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். 1987-இல் ஹாபி வழக்கு அப்படித்தான் போனது. சனிக்கிழமை ஓய்வுநாளில் வேலை செய்ய மறுத்ததால் வேலை இழந்தவருக்கு அரசு உதவித்தொகை மறுத்ததை ஃப்ளோரிடா நீதிமன்றம் விளக்கமின்றி உறுதி செய்திருந்தது, வாஷிங்டன் அதை மாற்றியது. குற்ற வழக்கல்ல, ஆனால் பாதை ஒன்றேதான். அதற்கு விசாரணை நாளிலிருந்தே கூட்டாட்சி அரசியலமைப்புக் கேள்வியைப் பெயர் சொல்லி எழுப்பியிருக்க வேண்டும், மேல்முறையீட்டு வாதத்திலும் அது இருக்க வேண்டும்.

கெடு 90 நாள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் உத்தரவு தேதியிலிருந்து, மறுபரிசீலனை மனுவை நேரத்தோடு போட்டிருந்தால் அது தள்ளுபடியான தேதியிலிருந்து. மாநில உச்ச நீதிமன்றத்தில் வீணாக ஒரு மனுப் போட்டுவிட்டு அந்த நாள்களும் கணக்கில் சேராது என்று இருந்துவிடாதீர்கள். அந்த உத்தரவின் மேல் இருக்கும் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், 15 நாள் தாண்டியிருக்காவிட்டால் முதல் வேலை மேல்முறையீடு மட்டுமே பார்க்கும் ஒரு வழக்கறிஞரைப் பிடிப்பது.